இதுவா, இதுவா?

அத்தியாயம் 6

தாங்களாகவே யோசித்து முடிவெடுப்பதாகச் சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்தால் ரேடியோவுக்குச் சிரிப்புத்தான் வரும். அவள் எட்டு வருஷம் செருப்புக் கடையில் நின்றவள். முதலில் கண்றாவியாக ஒரு ஜோடி, அடுத்து விலையைக் கேட்டாலே நெஞ்சடைக்கிற ஒரு ஜோடி, அப்புறம் முதலாளி எப்படியாவது தள்ளிவிடச் சொன்ன ஜோடி. இந்த வரிசையில் எடுத்து வைத்தால் போதும். வந்த மகராசன் மூன்றாவதைக் காலில் மாட்டிக்கொண்டு, "எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும், என்னை யாரும் ஏமாத்த முடியாது" என்று பெருமை பேசிக்கொண்டே போவார். அவர் தலை மறைந்ததும் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். ஒருநாள் தலை மறைவதற்கு முன்பே சிரித்துவிட்டதால் அந்த வேலை போயிற்று.

இப்போது அவளுக்குப் படியளப்பவர் துப்பறியும் நிபுணர் அரைவக்கீல். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் என்பதால் ஊர் வைத்த பெயர் அது. அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவர்தான். அணைக்கப் பொத்தான் இல்லாத ரேடியோ என்று வருகிறவர்களிடம் அறிமுகப்படுத்துவார்.

அன்று காலை அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஒரு பஸ் டிரைவர். காக்கிச் சட்டையைக் கூடக் கழற்றாமல் டிப்போவிலிருந்து நேராக வந்திருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ரேடியோவுக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"என் தம்பி பார்சல் கொடுக்கறவன் சார். முந்தாநாள் அந்தக் கட்டடத்துல மூணாவது மாடிக்குப் போயிருக்கான். அதே நேரத்துல அங்க கடிகாரக் கடைக்காரரை யாரோ பின்னாலிருந்து தள்ளி விட்டிருக்காங்க. மண்டை உடைஞ்சு கிடந்திருக்காரு. ஷோகேஸ்ல இருந்த பழைய தங்கக் கடிகாரத்தைக் காணோம். பக்கத்துல மூக்குக் கண்ணாடிக் கடை. அங்க கண்ணு பாக்க வந்த டீச்சர் ஒருத்தங்க, போட்டோவப் பாத்து இவன்தான் ஓடினான்னு என் தம்பியக் காட்டிட்டாங்க. அவ்வளவுதான், தூக்கி உள்ள வெச்சுட்டாங்க."

"கடிகாரம் அவன்கிட்ட இருந்துச்சா?" என்றார் அரைவக்கீல்.

"இல்ல. எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கானாம்."

"கடைக்காரர் எப்படி இருக்காரு?"

"ஆஸ்பத்திரில இருக்காரு. இன்னும் கண்ணத் திறக்கல. அவர் போயிட்டாருன்னா இது கொலைக் கேஸாயிடும்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரியே சொன்னாரு."

"அவருக்குத் தெரிஞ்ச ஆறுதல் அவ்வளவுதாங்க" என்றாள் ரேடியோ.

அரைவக்கீல் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தார். "சரி ரேடியோ, எங்க போகலாம்? ஸ்டேஷனுக்கா, டீச்சர் வீட்டுக்கா?"

"டீச்சர் வீட்டுக்கு."

"நானும் அதான் நினைச்சேன்" என்றார் அவர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

*

டீச்சர் என்றால் சாதாரண டீச்சர் இல்லை. ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. தெருவில் விலாசம் கேட்டபோதே, "ஹெச்.எம். வீடா?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கையைக் காட்டினார்கள். வீட்டுக்குள் புத்தகங்கள் உயரப்படி நின்றன, நாற்காலிகள் சுவரோடு ஒட்டி நின்றன. கேடயங்களும் கோப்பைகளும் ஒரு தூசு இல்லாமல் வரிசை கட்டியிருந்தன. ரேடியோவே தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டதை உணர்ந்ததும் எரிச்சலோடு பிரித்துக்கொண்டாள்.

"நான் ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான்" என்றார் ஹெச்.எம். "அந்தப் பையன்தான் ஓடினான். எத்தனை பேர் வந்து கேட்டாலும் பதில் இதுதான்."

"உங்க பதிலை மாத்த வரலைங்க டீச்சர். எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு கத்துக்க வந்திருக்கோம்" என்றார் அரைவக்கீல்.

இந்த மனுஷன் வெண்ணெய் தடவ ஆரம்பித்தால் கொஞ்சமாகத் தடவ மாட்டார். ஹெச்.எம். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தக் கட்டடத்துக்கு வந்துபோன ஆறு ஆம்பளைங்களோட போட்டோ இன்ஸ்பெக்டர் கொண்டு வந்தாரு. ஸ்டேஷனுக்கெல்லாம் என்னால வர முடியாதுன்னு சொல்லிட்டேன். கண் பரிசோதனை ரூம்லயே உக்காந்து பாத்தோம். அங்க நல்ல விளக்கு இருக்கு."

"ஆறையும் மேஜைல பரப்பிட்டாங்களா?"

"பரப்பினா குழப்பமா இருக்கும்ல? ரெண்டு ரெண்டாக் காட்டினாங்க. இவனா, இவனான்னு கேக்கறது. நான் சொன்னதை வெச்சுக்கிட்டு, கூட இன்னொண்ணு வைக்கறது. மறுபடி இவனா, இவனா. கடைசில அந்தப் பையன் நின்னான். சந்தேகமே கிடையாது."

அரைவக்கீல் சட்டைப் பையிலிருந்து இரண்டு போட்டோக்களை எடுத்தார். வருகிற வழியில் பத்து நிமிஷம் ஒரு கடையில் நின்று பிரதி எடுத்தவை. ரேடியோ அப்போது ஏன் என்று கேட்டாள், பதில் கிடைக்கவில்லை. ஒன்றை மேஜையில் வைத்தார். பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். இரண்டிலும் தாடி வைத்த ஒரு இளைஞன்.

"இது வேற ஒரு கேஸ். பஸ் ஸ்டாண்டுல பை பறிச்சவன். உங்க அனுபவத்துல சொல்லுங்களேன். இவனா, இவனா?"

ஹெச்.எம். குனிந்து பார்த்தார். முதல் போட்டோவுக்கு ஒரு பார்வை, இரண்டாவதுக்கு ஒரு பார்வை.

"இவன்தான்" என்று இரண்டாவதைத் தட்டினார். "இவன் முழியப் பாத்தாலே தெரியுது. திருட்டு முழி. முதல் ஆள் பாவம், ஏதோ படிக்கிற பையன் மாதிரி இருக்கான்."

ரேடியோவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி இருமி அதைச் சமாளித்தாள். இரண்டு போட்டோவும் ஒரே போட்டோ. இரண்டிலும் இருந்தவர் கல்லூரிக் காலத்து அரைவக்கீல்.

திருட்டு முழிக்காரர் கொஞ்சமும் அசையவில்லை. பணிவாகப் போட்டோக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "பெரிய உதவிங்க டீச்சர். இந்த ரெண்டு ரெண்டாக் காட்டற யோசனை இன்ஸ்பெக்டரோடதா?"

"அவருக்கு எங்க அவ்வளவு மூளை? கண்ணு பாக்குற தம்பி சொன்னது. 'டீச்சருக்கு லென்ஸ் காட்டற மாதிரியே காட்டுவோம், அவங்களுக்குப் பழக்கம்'னு சொன்னாரு. இன்ஸ்பெக்டருக்கு நடுவுல போன் வந்துச்சா, தம்பியே போட்டோவெல்லாம் எடுத்து வெச்சாரு. ரொம்ப மரியாதை தெரிஞ்ச பையன்."

"அடடா. புதுக் கண்ணாடி வாங்க இனிமேதான் போகணுமா?"

"இன்னிக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்காரு."

"நாங்களும் அந்தப் பக்கம்தான் வர்றோம்" என்றார் அரைவக்கீல்.

தெருமுனை வரை ரேடியோ பொறுத்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை.

"ஊருக்கே பாடம் நடத்தின அம்மா, பாஸ். ஒரே மூஞ்சில ஒரு பக்கம் படிக்கிற பையனாம், இன்னொரு பக்கம் திருடனாம். எந்தக் கேள்வி கேட்டாலும் கடைசியா காதுல விழுந்ததைப் பிடிச்சுக்குது. இந்த மூளைய நம்பி ஒருத்தனை உள்ள தள்ளியிருக்காங்க."

"ரொம்பத்தான் அலுத்துக்காதே. காலைல ஸ்டேஷனுக்கா, டீச்சர் வீட்டுக்கான்னு உன்னைக் கேட்டேன். நீ என்ன சொன்னே?"

ரேடியோ நின்றாள். யோசித்தாள். "நான் யோசிச்சுத்தான் சொன்னேன்."

"அவங்களும் அதையேதான் சொல்றாங்க."



*

மூன்றாவது மாடி வராந்தாவின் ஒரு கோடியில் கடிகாரக் கடை. கதவைப் பூட்டிப் போலீஸ் சீல் வைத்திருந்தார்கள். ஒட்டினாற்போல் மூக்குக் கண்ணாடிக் கடை. வாசல் பக்கம் ஃப்ரேம் அடுக்கிய கண்ணாடி அலமாரி, ஒரு பெஞ்சு. பலகைத் தடுப்புக்கும் ஒரு திரைக்கும் பின்னால் பரிசோதனை அறை. தடுப்பு எவ்வளவு மெல்லியது என்று ரேடியோ விரலால் தட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தாள்.

பெஞ்சில் மூன்று பேரை உட்கார வைத்தாள். புதுக் கண்ணாடிக்காக வந்த ஹெச்.எம். ஒருவர். அவர் பக்கத்தில், அவரைத் திரும்பியே பார்க்காமல், பஸ் டிரைவர். மூன்றாமவர் இன்ஸ்பெக்டர். கேஸ் முடிந்துவிட்டது, இனி எங்கேயும் வர முடியாது என்று போனில் உறுமியவர்தான். அங்கே போலீஸ்காரர்களுக்குக் கண் பரிசோதனை இலவசம் என்று ரேடியோ ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டதும் தொப்பியோடு வந்து சேர்ந்துவிட்டார். இலவசம் என்ற சொல்லுக்கு இருக்கிற சக்தி எந்தச் சட்டத்துக்கும் கிடையாது.

"கூப்பிடற வரைக்கும் உள்ள வரக் கூடாது, பேசவும் கூடாது. ஒருத்தரைப் பரிசோதனை பண்ணும்போது சத்தம் போட்டா பவர் மாறிடும்" என்றாள். மூவரும் அதையும் நம்பினார்கள்.

திரைக்கு உள்ளே அரைவக்கீல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கண்ணு பாக்குற தம்பி நெடுநெடுவென்று உயரம். குரலில் தேன். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இல்லை. அரைவக்கீலுக்கு மாட்டிவிட்டிருந்த கனத்த சோதனைக் கண்ணாடிக்குள் லென்ஸைப் போட்டு எடுத்து, மறுபடி போட்டான்.

"இதுவா... இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பாருங்க சார். இதுவா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. நீங்க லென்ஸையே மாத்தல. எடுத்த கையோட அதையே திருப்பிப் போட்டீங்க."

தம்பி சிரித்தான். "கெட்டிக்காரர் சார் நீங்க. நாங்க முதல்ல இப்படி ஒரு சோதனை பண்ணிப் பாப்போம். முக்கால்வாசிப் பேர் ரெண்டாவதுதான் தெளிவா இருக்குன்னு அடிச்சுச் சொல்லுவாங்க."

"படிச்சவங்க கூடவா?" என்றாள் ரேடியோ, கண்ணை அகல விரித்துக்கொண்டு. "நம்ம ஹெச்.எம். மாதிரி ஆளுங்க அப்படி ஏமாற மாட்டாங்க இல்லீங்களா?"

அகலக் கண்ணோடு ஒரு பெண் கேட்டால் தன் சாமர்த்தியத்தைச் சொல்லாமல் இருக்கிற ஆம்பளையை ரேடியோ இன்னும் சந்திக்கவில்லை. இவனும் அவளை ஏமாற்றவில்லை.

"அவங்களா? அஞ்சு வருஷமா பாக்கறேன், ஒரு தடவை கூட முதல் லென்ஸைச் சொன்னது கிடையாது. அதனால நான் என்ன பண்ணுவேன்னா, மெஷின்லயே பவரைப் பாத்து வெச்சுக்குவேன். சரியான லென்ஸை எப்பவும் ரெண்டாவதா வைப்பேன். அவங்களே தேர்ந்தெடுத்த மாதிரி சந்தோஷமாப் போயிடுவாங்க. பேருதான் ஹெச்.எம். அந்த நாற்காலில ஒரு ஆட்டைப் பிடிச்சு உக்கார வெச்சாலும் இதே பதில்தான் வரும்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது.

"நல்ல வேலைக்காரர்தான் நீங்க" என்றார் அரைவக்கீல். சோதனைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்குப் போட்டோவைக் காட்டினதும் நீங்கதானே?"

"இன்ஸ்பெக்டர் போன்ல இருந்தாரு. ஒரு உதவி."

"அவங்க சொன்ன போட்டோவை முதல்ல வெச்சு, புதுப் போட்டோவை ரெண்டாவதா வெச்சுக்கிட்டே போனீங்க. டீச்சர் எப்பவும் ரெண்டாவதைத்தான் சொல்வாங்க. அப்போ ஆறு பேர்ல யார் கடைசியா வர்றானோ அவன்தான் குற்றவாளி. இது அந்த ரூம்ல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும். பார்சல் பையனைக் கடைசில ஏன் வெச்சீங்க?"

தேன் கொஞ்சம் கெட்டிப்பட்டது. "கைக்கு வந்தபடி வெச்சேன்."

"அஞ்சு வருஷமா சரியானதைத் தேடிப் பிடிச்சு ரெண்டாவதா வைக்கறவர், அன்னிக்கு மட்டும் கைக்கு வந்தபடி வெச்சீங்களா?"

"என்ன சார் பேசறீங்க? கடிகாரக்காரரைத் தள்ளி விட்டப்போ நான் இங்கதான் டீச்சருக்குக் கண்ணு பாத்துக்கிட்டிருந்தேன். இன்ஸ்பெக்டர்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். வேணும்னா டீச்சரையே கேளுங்க."

திரை விலகியது. ஹெச்.எம். நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. அவருக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர், தன் கண்ணை யாரும் பரிசோதிக்கப் போவதில்லை என்பது மெல்லப் புரிகிற முகத்தோடு.

"நீயே கேளு தம்பி. ஆட்டைக் கேக்கற மாதிரியே கேளு" என்றார் ஹெச்.எம்.

தம்பி சமாளித்துக்கொண்டான். குரலில் மறுபடி தேனைக் கலந்தான். இந்த அம்மாவை எப்படிக் கையாள்வது என்பது அவனுக்கு அத்துப்படி. அந்தத் தைரியத்தில்தான் கேட்டான்.

"டீச்சர், பதறாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அன்னிக்கு அந்தச் சத்தம் கேட்டப்போ நான் இந்த ரூம்ல இருந்தேனா, இல்லையா?"

கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவன் முகம் போன போக்கைப் பார்த்து ரேடியோ புரிந்துகொண்டாள். தமிழில் யார் கேட்டாலும் இந்தக் கேள்வி இப்படித்தான் வரும். 'இருந்தேனா' முன்னாலும் 'இல்லையா' பின்னாலும்தான் நிற்கும். ஐந்து வருஷமாக வேண்டிய பதிலைப் பின்னால் வைத்துப் பிழைத்தவன், பயத்தில் வேண்டாத பதிலைப் பின்னால் வைத்துவிட்டான்.

"இல்லை" என்றார் ஹெச்.எம்.

"டீச்சர்..."

"நீ இல்லை. என் கண்ணாடியக் கழுவிட்டு வர்றேன்னு வாங்கிட்டுப் போனே. போகும்போது விளக்கையும் அணைச்சுட்டுப் போனே. சத்தம் கேட்டப்போ நான் இருட்டுல தனியாத்தான் உக்காந்திருந்தேன். திரை இடுக்கு வழியா உயரமா ஏதோ ஒண்ணு வராந்தாவுல ஓடிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு நீ மூச்சு வாங்கிக்கிட்டே வந்து கண்ணாடியக் கொடுத்தே."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "கண்ணாடி இல்லாமலா பாத்தீங்க? இதை ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க கேக்கல. இதுல எவன்னு கேட்டீங்க. கண்ணாடி போட்டிருந்தீங்களான்னு கேக்கவே இல்லையே."

ரேடியோ அரைவக்கீலின் காதருகே குனிந்தாள். "யோசிச்சுச் சொல்றாங்களா பாஸ், இல்ல இதுவும் ரெண்டாவது கேஸா?"

"விளக்கை அணைச்சது, மூச்சு வாங்கினது எதையும் அவன் கேக்கலையே. அது அவங்களா சொன்னது."

தம்பி வாசலைப் பார்த்தான். வாசலில் பஸ் டிரைவர் நின்றிருந்தாள். பஸ்ஸையே தெருவுக்குக் குறுக்கே நிறுத்தியதுபோல அசையாமல் நின்றிருந்தாள். அவன் அந்த யோசனையைக் கைவிட்டான்.

"கடிகாரம் எங்கடா?" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். திடீரென்று அவருக்குக் கேஸில் பிடிப்பு வந்துவிட்டது. "வீட்லயா, கடையிலயா?"

"அவரைக் கேக்காதீங்க சார்" என்று ரேடியோ வெளியே ஃப்ரேம் அலமாரிக்குப் போனாள். "எல்லாக் கடையிலயும் ஒரு தட்டு இருக்கும். அதுல இருக்கறதை எந்தப் புண்ணியவானும் கேக்க மாட்டான். எங்க செருப்புக் கடையில நாங்க அங்கதான் சாப்பாட்டு டப்பா வைப்போம்."

அலமாரியில் கண்ணுக்கு நேரான தட்டுகள் பளபளத்தன. அடித்தட்டில் தடித்த பழுப்பு ஃப்ரேம்கள். அவற்றை யாரும் விலை கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் தரையில் உட்கார்ந்து உறைகளை ஒவ்வொன்றாக உலுக்கினாள். நடுவில் ஒன்று கனத்தது. திறந்தால், உள்ளே கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றித் தங்கக் கடிகாரம். தினமும் எடுத்துச் சாவி கொடுத்திருப்பான் போல, இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடைக்காரர் கடிகாரத்தை எடுத்துப் பார்க்கக் கூட விட்டதில்லை, தினமும் கண்ணாடி வழியாகக் காட்டிக் காட்டி வயிறெரிய வைத்தார் என்று தம்பி முனகினான். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஸ்பெக்டர் அவன் கையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்தே இவன்மேல்தான் தனக்குச் சந்தேகம் என்று அரைவக்கீலிடம் அறிவித்தார். அரைவக்கீல் அதற்கு ஒரு கும்பிடு போட்டார்.

"அந்தப் பார்சல் பையனை இப்பவே விட்டுடறேன்" என்று படியிறங்கும்போது இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார், தன் சொத்திலிருந்து ஏதோ எடுத்துத் தானம் செய்கிறவர் மாதிரி.

கடையில் நான்கு பேர் மிஞ்சினார்கள். ஹெச்.எம். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போய்விடுவார் என்று ரேடியோ நினைத்தாள். இப்படிப்பட்டவர்கள் தவறு வெளிப்பட்டதும் அவசர வேலை வந்து போய்விடுவதுதான் வழக்கம். அவர் போகவில்லை. பஸ் டிரைவரின் எதிரே வந்து நின்றார்.

"உன் தம்பியை நான் பாக்கலம்மா. யாரையுமே பாக்கல."

"அப்போ ஏன் சொன்னீங்க?"

இப்போது ஹெச்.எம்.மின் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

"கேட்டாங்க. கேள்வின்னு ஒண்ணு கேட்டா பதிலைக் காலியா விட எனக்கு வராது. பிள்ளைங்களுக்கு நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். தெரியலைன்னாலும் ஏதாவது ஒண்ணை டிக் பண்ணு, தப்பாப் போனா என்ன, எதுவும் குறையப் போறதில்லைன்னு."

பஸ் டிரைவர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அன்று முழுவதும் அவள் அவரை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நேத்து அவனைப் பாக்க விட்டாங்க டீச்சர்" என்றாள். "கடிகாரம் எங்கன்னு கேட்டிருக்காங்க. அவனுக்குத் தெரியல, காலியா விட்டுட்டான். ரெண்டு பல்லு குறைஞ்சிருக்கு."